இ.எஸ்.ஐ.யும் இல்லை, முதல்வர் காப்பீடும் இல்லை: நடுவில் நிற்கிற குடும்பத்தின் மருத்துவச் செலவு யாருடையது?

பேர்ணாம்பட்டு மகள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

அண்ணன் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். இந்த ஜூனில் சம்பளம் 21,800 ஆனது. இ.எஸ்.ஐ.க்கு, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு, மாதச் சம்பள வரம்பு 21,000. செப்டம்பரோடு பிடித்தம் நின்றது. "இனிமேல் உனக்கு இ.எஸ்.ஐ. கிடையாது" என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அம்மாவின் சர்க்கரை மாத்திரை முழுக்க இ.எஸ்.ஐ. மருந்தகத்தில்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு வயது 63. போன மாதம் ஆஞ்சியோ எடுத்ததில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்யச் சொல்கிறார்கள்.

முதல்வர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அண்ணன் சம்பளம் மட்டுமே 2,61,600 வருகிறது. கம்பெனி போட்டுத் தருகிற குரூப் பாலிசியில் அண்ணன், அண்ணி, பிள்ளைகள் உண்டு, அப்பா அம்மா கிடையாது. வெளியில் தனியாகப் பாலிசி எடுக்கப் போனால், இதய நோய் ஏற்கெனவே இருப்பதால் மூன்று வருடம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

மாதம் பத்தாயிரத்துக்குக் கீழே இருப்பவருக்கு அரசு கட்டுகிறது. 21,000 வரைக்கும் முதலாளியும் தொழிலாளியும் கட்டுகிறார்கள். அதற்கு மேலே எண்ணூறு ரூபாய் அதிகம் வாங்குகிறவருக்கு யார் கட்ட வேண்டும்? மகனா, கம்பெனியா, அரசா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஆம்பூர் ஸ்டிச்சிங்

தங்கச்சி, முதலில் அப்பா நல்லபடியாகத் தேறி வரட்டும்.

என்னைக் கேட்டால் முதலாளிதான் கட்ட வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இப்போது முதலாளி பங்கு 3.25 சதவீதம், நம் பங்கு 0.75. 2019 ஜூலைக்கு முன்னால் அது 4.75-ம் 1.75-ம் ஆக இருந்தது. நமக்குக் குறைந்தது ஒரு சதவீதம், முதலாளிக்குக் குறைந்தது ஒன்றரை சதவீதம். 21,000 என்ற வரம்பு வந்தது 2017 ஜனவரியில், அதன்பிறகு அசையவே இல்லை. இத்தனை வருடத்தில் அரிசி, வாடகை, பஸ் டிக்கெட் எல்லாம் ஏறிவிட்டது. சம்பளமும் கொஞ்சம் ஏறியது, ஏறியதற்குத் தண்டனை மாதிரி ஆளை வெளியே தள்ளுகிறார்கள். வரம்பை உயர்த்தச் சொல்லி சங்கங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

எங்கள் லைனில் நடக்கிற இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். சம்பள உயர்வு தருகிறேன் என்றால் "வேண்டாம் சார், 20,900-லேயே நிறுத்துங்க" என்று கெஞ்சுகிற பெண்கள் இருக்கிறார்கள். வீட்டில் டயாலிசிஸ் ஆள் இருந்தால் அந்தக் கணக்கு வேறு. இப்படி ஒரு சட்டம் எந்த ஊருக்கு நல்லது?

வாணியம்பாடி ஜாப்வொர்க்

நான் சின்ன யூனிட் வைத்திருப்பவன். பெரிய கம்பெனிக்கு அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்துக் கொடுக்கிறேன். பத்துப் பேருக்கு மேல் ஆள் இருப்பதால் இ.எஸ்.ஐ. கட்டுகிறேன், ஒரு மாதமும் விட்டதில்லை. பக்கத்துத் தெருவில் எட்டுப் பேரை வைத்து இதே வேலை செய்பவருக்குச் சட்டப்படி அந்தச் செலவே இல்லை. பையர் விலை பேசும்போது இரண்டு பேரையும் ஒரே தட்டில்தான் வைக்கிறான்.

முதலாளி கட்டட்டும் என்று சொல்வது சுலபம் தம்பி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் இந்தப் பகுதியில் ஆர்டர் எப்படி நின்றது என்று உங்களுக்கே தெரியும். ஆர்டர் நின்றால் ஆள் நிற்பார், ஆள் நின்றால் அவருடைய காப்பீடும் நிற்கும். உடம்புக்கு எப்போது என்ன வரும் என்று ஏற்றுமதி ஆர்டர் பார்த்தா வருகிறது? வைத்தியத்தை வேலையோடு கட்டிப்போட்டதே தப்பு என்பேன். வரியாக வாங்குங்கள், எட்டுப் பேர் வைத்திருப்பவரும் எண்ணூறு பேர் வைத்திருப்பவரும் அவரவர் லாபத்துக்குத் தக்கபடி கட்டட்டும். வேலை இருந்தாலும் போனாலும் வைத்தியம் கிடைக்கட்டும்.

காட்பாடி பாலிசி

இருபது வருடத்துக்கு மேலாகக் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். கோபப்படாமல் கேளுங்கள்.

காப்பீடு என்பது நோய் வராதவர்கள் கட்டுகிற பணத்தில் நோய் வந்தவருக்குப் பார்ப்பது. நோய் வந்த பிறகு சேரலாம் என்றால் யாரும் முன்னாடியே சேரமாட்டார்கள், பானை காலியாகிவிடும். காத்திருப்புக் காலம் அதற்காகத்தான். முன்பு நான்கு வருடம்வரை இருந்தது, 2024-ல் அதிகபட்சம் மூன்று வருடம் என்று ஒழுங்குமுறை ஆணையம் குறைத்தது. ஐந்து வருடம் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி நிரூபணம் ஆனாலொழிய "முன்பே சொல்லவில்லை" என்று கிளெய்மை மறுக்க முடியாது. எல்லா வயதினருக்கும் ஏற்ற பாலிசி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்லை.

முப்பது வயதில், உடம்பு நன்றாக இருக்கும்போதே பெற்றோரையும் சேர்த்து எடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்கிறேன். பைக்குக்கு மாதத் தவணை கட்டுகிறவர்கள் இதற்கு யோசிக்கிறார்கள். அவரவர் குடும்பத்துக்கு அவரவர் பொறுப்பும் இருக்கிறது, அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

பேர்ணாம்பட்டு மகள்

காட்பாடி சார், நீங்கள் சொல்வது நியாயமான கணக்குதான். ஆனால் அண்ணனுக்கு முப்பது வயது இருக்கும்போது சம்பளம் பன்னிரண்டாயிரம். அப்போது இ.எஸ்.ஐ. இருந்தது, அப்பா அம்மா அதிலேயே இருந்தார்கள். இருக்கிற காப்பீட்டுக்கு மேல் இன்னொன்றை அந்தச் சம்பளத்தில் யார் வாங்குவார்கள்? இ.எஸ்.ஐ. போகும்போது அப்பாவுக்கு 63, நோயும் வந்துவிட்டது. நல்ல உடம்போடு இருந்த காலம் முழுக்க ஒரு பானையில் கட்டினோம். நோய் வந்ததும் அந்தப் பானையிலிருந்து இறக்கிவிட்டு, வேறு பானைக்குப் போய் முதலிலிருந்து காத்திரு என்கிறார்கள். ஒன்றில் கட்டிய வருடங்களை இன்னொன்றில் கணக்கில் எடுக்க வழி இருக்கிறதா?

காட்பாடி பாலிசி

ஒரு தனியார் பாலிசியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் காத்திருந்த காலம் கணக்கில் வரும். இ.எஸ்.ஐ.யிலிருந்து வந்தால் வராது. அந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

சேண்பாக்கம்

இதற்குப் போய் இவ்வளவு பேச்சா? அப்பா அம்மாவுக்குத் தனி ரேஷன் கார்டு போடுங்கள். வருமானச் சான்று அப்பா பெயரில் வாங்குங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை வந்துவிடும். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

பேர்ணாம்பட்டு மகள்

ஒரே வீடு, ஒரே அடுப்பு. பொய் சொல்லி வாங்க அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவரைக் கட்டாயப்படுத்த எனக்கும் மனசு வரவில்லை.

அடுக்கம்பாறை சிஸ்டர்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேலை செய்கிறேன். இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். எல்லோரும் அட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆஸ்பத்திரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

தங்கச்சி, அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு வருமான வரம்பு கிடையாது. அட்டை இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. அட்டை இருந்தால் அந்தப் பணம் காப்பீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும். ஸ்டென்ட், வால்வு மாதிரி விலை அதிகமான பொருள்களில் அது பெரிய உதவி. எனவே அப்பாவின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு முதலில் இங்கே வந்து காட்டுங்கள். இங்கே முடியாதது என்றால் சென்னைக்கு அனுப்புவார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், கூட்டம் இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் முதல்வரின் விரிவான திட்டமாக மாறியது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்து குடும்பத்துக்கு 5 லட்சம் ஆனது. 2022 ஜனவரியில் புதுப்பித்தபோது ஒரு குடும்பத்துக்கு வருட பிரீமியம் 849 ரூபாய், 1.37 கோடிக் குடும்பங்கள். பெருக்கிப் பாருங்கள், வருடத்துக்கு ஆயிரத்து நூறு கோடிக்கு மேல். அதில் ஒரு பகுதி அரசு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருகிறது, இன்னொரு பகுதி தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. திட்டத்தால் உயிர் பிழைத்தவர்களைக் கண்ணால் பார்த்தவள் நான், திட்டம் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாதாமாதம் வாங்குகிற மாத்திரைக்கும் சாதாரண ஓ.பி.க்கும் அது பெரிதாக உதவாது. குடும்பத்தை அரிப்பது அந்த மாதச் செலவுதான்.

அந்த மாத்திரை எங்கே இலவசமாகக் கிடைக்கிறது? அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி, மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்கி எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்புகிறது. பல மாநிலங்கள் வந்து பார்த்து அதே மாதிரி ஆரம்பித்தன. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உங்கள் அம்மாவுக்கு அதைக் கேட்டு வாங்குங்கள், அதற்கு வருமானச் சான்று வேண்டாம்.

யார் கட்டுவது என்றால் வரிப்பணம்தான் கட்ட வேண்டும், அது முதலில் கட்டிடத்துக்கும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் மருந்துக்கும் போக வேண்டும். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவு நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆகும் என்றது. 2021-22 கணக்கில், அதுவும் கொரோனா வருடத்தில், 1.84 சதவீதம்தான். மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போனது 39.4 சதவீதம். ஒரு வார்டில் இரவு டியூட்டிக்கு எத்தனை நர்ஸ் என்று வந்து பாருங்கள், அந்தச் சதவீதத்தின் அர்த்தம் புரியும்.

ஒடுகத்தூர்

சிஸ்டர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். 2023 மே மாதம் எங்கள் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான ரோடு இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன் இறந்துபோனது. உடலைக் கொண்டுபோன வண்டியும் பாதியில் நின்றது. மிச்ச தூரத்தை அம்மா குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டே நடந்தார். அந்த வீட்டுக்கு 5 லட்சம் காப்பீடு இருந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? ரோடும் மருத்துவச் செலவுதான். அதையும் இந்தக் கணக்கில் எழுதுங்கள்.

காந்தி ரோடு லாட்ஜ்

நான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, நாம் சி.எம்.சி. என்கிறோமே, அதற்குப் பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிறேன். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து, ரூமிலேயே சோறு வடித்துச் சாப்பிட்டுக்கொண்டு வாரக்கணக்கில் தங்குகிறார்கள். நிலத்தை விற்றுவிட்டு வந்ததாகச் சொல்லாத குடும்பம் குறைவு.

1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. இன்றைக்கும் வசதியில்லாதவர்களுக்குப் பில்லில் சலுகை தருகிறார்கள், வேலூர் ஏழைகளுக்காக 1980களிலிருந்து குறைந்த செலவுப் பிரிவு தனியாக நடத்துகிறார்கள். அதற்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ஓர் ஆஸ்பத்திரியின் தர்மத்தை நம்பி ஒரு நாடு இருக்க முடியாது. அவர்கள் ஊரில் நல்ல அரசு ஆஸ்பத்திரி இருந்திருந்தால் எனக்கு வியாபாரம் குறைந்திருக்கும். அப்படிக் குறைந்தால் குறையட்டும் என்றுதான் தோன்றுகிறது.

மேல்விஷாரம் வக்கீல்

இந்த மாவட்டத்துக்காரர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை ஏற்கெனவே நீதிமன்றத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். அதை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலாற்றில் தோல் கழிவு கலப்பதை எதிர்த்து இங்கிருந்து போன வழக்குதான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவன்தான் ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு, ஆற்றையும் நிலத்தையும் சரிசெய்கிற செலவு, இரண்டும் ஆலைகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டார்கள். அந்தத் தீர்ப்பை நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். இங்கே நஷ்டஈடு இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஆறும் கிணறும் கெட்டதற்கு ஆலை பொறுப்பு என்றால், தோல் பதனிடுகிற டிரம்மில் குரோம் தண்ணீரில் கை வைத்து வேலை செய்தவரின் தோலுக்கும், சால்வென்ட் மூச்சில் போனவரின் நெஞ்சுக்கும் பொறுப்பு யார்? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் சேற்றில் செத்தார்கள். அது ஒரே இரவில் நடந்ததால் பேப்பரில் வந்தது. முப்பது வருடம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் ஏறுவது எந்தப் பேப்பரிலும் வராது, அந்தப் பில் நேராக வீட்டுக்கு வரும்.

1995-ல் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில், தொழிலாளியின் ஆரோக்கியம் வாழ்வுரிமையின் பகுதி, வேலையை விட்ட பிறகும் மருத்துவப் பாதுகாப்பு தொடர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே வாணியம்பாடி அண்ணன் சொல்கிற பொது வரியோடு நான் சண்டைக்கு வரவில்லை. அதற்கு மேல், உடம்பைக் கெடுக்கிற தொழில் தனியாகவும் கட்ட வேண்டும். எல்லோரும் சமமாகக் கட்டினால், கெடுக்கிறவருக்கு மற்றவர்கள் மானியம் கொடுப்பதாக ஆகிவிடும்.

குடியாத்தம் பீடி வீடு

வக்கீல் ஐயா சொன்ன மாதிரி தனி வரி எங்களுக்கு இருந்தது. பீடிக்கு ஒரு செஸ், அந்தப் பணம் பீடித் தொழிலாளர் நல நிதிக்குப் போகும். அதில் எங்களுக்கென்று மருந்தகம், பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த செஸ்ஸை எடுத்துவிட்டார்கள். எங்கள் பெயரில் வசூலித்த காசு இப்போது பொதுக் கஜானாவில் கலந்துபோகிறது, எங்களுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு வருடமும் மேலே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அம்மாவுக்கு இலைத் தூசியில் இருமல் நிற்கவில்லை, உட்கார்ந்தே சுற்றி இடுப்பும் போய்விட்டது. பொது வரி என்று சொல்கிறவர்கள் இதையும் யோசித்துச் சொல்லுங்கள். பெயர் போட்ட பணம் என்றால் கேட்க ஒரு பிடி இருக்கும்.

சத்துவாச்சாரி

நான் இப்போது ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே 1883-ல் சான்சலர் பிஸ்மார்க் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டை ஆரம்பித்தபோது தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கு, முதலாளி ஒரு பங்கு. இப்போது சம்பளத்தில் 14.6 சதவீதமும் அதற்கு மேல் ஒரு சிறு கூடுதலும், முதலாளியும் நானும் ஆளுக்குப் பாதி. வேலை போனால் காப்பீடு போகாது, ஓய்வு பெற்றவருக்கும் தொடரும். ஆனால் என் பெற்றோரை இதில் சேர்க்க முடியாது, மனைவி பிள்ளைகளோடு சரி. அந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் இ.எஸ்.ஐ. மேல். 0.75 சதவீதத்துக்கு, தன்னை நம்பியிருக்கிற பெற்றோருக்கும் வைத்தியம் கொடுக்கிற திட்டம் சாதாரணம் இல்லை. அதை உடைத்துவிடாமல் விரிவாக்கச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற இ.எஸ்.ஐ. கிளார்க்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், இது அவசரம். பேர்ணாம்பட்டு மகளே, உங்கள் அண்ணனுக்கு ஆபீஸில் சொன்னது பாதிதான் சரி.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சந்தா கட்டினால், அதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. அதற்கு முந்தைய அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்குப் பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. அந்தந்தக் காலத்தில் 78 நாளுக்குக் குறையாமல் சந்தா இருந்தால், பிடித்தம் நின்ற பிறகும் வைத்தியம் உண்டு. அதாவது இன்றைக்கும் உண்டு, வரும் ஜூன் 30 வரைக்கும் உண்டு. இ.எஸ்.ஐ. அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்தில் கேளுங்கள். அப்பாவை மருந்தகத்தில் காட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் எழுதி வாங்குங்கள். நாளைத் தள்ள வேண்டாம்.

இன்னொன்று. அப்பா எங்கே வேலை செய்தார்? ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முடிந்து ஓய்வு பெற்றிருந்தால், வருடம் 120 ரூபாய் கட்டி அவரும் அம்மாவும் ஆயுசு முழுக்க வைத்தியம் பெறலாம். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு 120.

பேர்ணாம்பட்டு மகள்

ஐயா, படித்ததும் அண்ணனை எழுப்பிச் சொன்னேன். காலையில் கிளை அலுவலகம் போனார், நீங்கள் சொன்னது சரி, ஜூன் வரை இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார்கள். மருந்தகத்தில் ரெஃபரலுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ரொம்ப நன்றி.

அந்த 120 ரூபாய் விஷயம்தான் எங்களுக்கு எட்டாமல் போகிறது. அப்பா ஒரு டேனரியில், தோல் பதனிடும் ஆலையில், டிரம் வேலை, பத்தொன்பது வயதிலிருந்து. 55 வயதில் எல்லா வயதானவர்களையும் காண்ட்ராக்ட் பட்டியலுக்கு மாற்றினார்கள். அதே டிரம், அதே ஷிப்ட், சம்பளச் சீட்டு மட்டும் இல்லை. இ.எஸ்.ஐ. அத்தோடு நின்றது. ஓய்வு பெற்றார் என்று எழுதித்தர யாரும் இல்லை, வேலையை விட்டார் என்றுதான் பதிவில் இருக்கிறது. மாதம் ஆயிரத்துச் சொச்சம் பென்ஷன் வருகிறது. முப்பத்தாறு வருட உழைப்புக்குப் பிறகு வைத்தியம் அண்ணன் சம்பளத்தைப் பிடித்துத் தொங்குகிறது. வக்கீல் ஐயா கேட்ட கேள்வி எனக்கு இப்போதுதான் நெஞ்சில் உறைக்கிறது.

மேல்விஷாரம் வக்கீல்

அம்மா, அப்பாவின் பழைய இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். புத்தகம், கூட வேலை செய்த இரண்டு பேரின் வாக்குமூலம், இவற்றைச் சேர்த்து வையுங்கள். காண்ட்ராக்ட் ஆளுக்கும் இ.எஸ்.ஐ. கட்டுவது முதன்மை முதலாளியின், அதாவது வேலை நடக்கிற ஆலையின், பொறுப்பு என்று சட்டத்திலேயே இருக்கிறது. 55-க்குப் பிறகும் அங்கேயே வேலை செய்தார் என்று காட்ட முடிந்தால் மண்டல அலுவலகத்தில் மனு போடலாம். அப்பாவோடு மாற்றப்பட்ட மற்றவர்களும் சேர்ந்தால் வலு கூடும். கட்டணம் வேண்டாம், மனு நான் எழுதித் தருகிறேன்.

ஆம்பூர் ஸ்டிச்சிங்

அந்த வயதுக்காரர்கள் எங்கள் தெருவிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசுகிறேன். அப்புறம், அண்ணனுடைய கம்பெனியில் 21,000-ஐத் தாண்டியவர்கள் எல்லோரும் சேர்ந்து, குரூப் பாலிசியில் பெற்றோரைச் சேர்க்கச் சொல்லி எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். குரூப்பில் சேர்த்தால் காத்திருப்புக் காலம் இல்லாமல் எடுக்க வழியுண்டு, காட்பாடி சார் சொல்வார். ஜூலை 1-க்குள் அது முடிய வேண்டும்.

காட்பாடி பாலிசி

ஆமாம், குரூப் பாலிசியில் முதல் நாளிலிருந்தே பழைய நோயையும் சேர்த்துப் பேசி வாங்கலாம், பிரீமியம் கூடும். பெற்றோர் எண்ணிக்கையும் வயதும் தெரிந்தால் ஒரு மதிப்பீடு போட்டுத் தருகிறேன்.

வாணியம்பாடி ஜாப்வொர்க்

எனக்கும் ஒன்று போட்டுத் தாருங்கள் சார். என் யூனிட்டில் வரம்பைத் தாண்டியவர்கள் மூன்று பேர். பாதியை நான் ஏற்கிறேன், மீதிப் பாதியை ஆளுக்கு எவ்வளவு என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். பொது வரிதான் சரியான வழி என்ற என் கருத்து மாறவில்லை. அது வருகிறவரைக்கும் இவர்களுடைய அப்பா அம்மாவைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.